வீட்டு வைஃபை பெட்டி: அறிந்து வைப்போம், பூட்டி வைப்போம்

 

சிப்காட்டை ஒட்டிய நம் மூக்கண்டப்பள்ளியில் ஷிஃப்ட் முடிந்து வரும் தந்தை, ஆன்லைனில் பாடம் படிக்கும் மகள், வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் வீடியோவில் பேசும் தாய் என வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இணைய இணைப்பை நம்பியிருக்கிறோம். மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. அதனால் சில நேரம் பணம் வீணாகிறது. சில நேரம் நம் நற்பெயருக்கே ஆபத்து வருகிறது.

இரண்டு பாதைகள்

முதல் பாதை, வெளியிலிருந்து ஃபைபர் கம்பி வழியாகப் பெட்டி வரை வருவது. இரண்டாவது, பெட்டியிலிருந்து நம் போன், டிவி வரை காற்றில் போவது. இதுதான் வைஃபை. நெட் வரவில்லை என்றால் எந்தப் பாதையில் கோளாறு என்று முதலில் பார்க்க வேண்டும். பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக மின்னினால் கம்பியில் ஒளி வரவில்லை என்று பொருள். கம்பி எங்கேனும் மடங்கியோ கழன்றோ இருக்கலாம். அப்போது இணைப்பு கொடுத்தவரைத்தான் அழைக்க வேண்டும். பெட்டிக்கு அருகில் வேகமாகவும் உள்ளறையில் மெதுவாகவும் இருந்தால் கோளாறு வைஃபையில். அதை நாமே சரிசெய்யலாம்.

போனில் சேமித்து வைத்திருக்கும் நிக்காஹ் வீடியோவை வைஃபை வழியாக டிவியில் போட்டால், அது இரண்டாவது பாதையில் மட்டுமே போகிறது. அதற்கு இணைய டேட்டா செலவாகாது.

வேகக் கணக்கு

விளம்பரத்தில் சொல்லும் 40 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 40 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே நொடிக்கு 5 மெகாபைட் இறங்கும். 700 எம்பி கோப்பு இறங்க இரண்டரை நிமிடம் போல ஆகும். ஒரு எச்டி வீடியோ தடையின்றி ஓடச் சுமார் 5 எம்பிபிஎஸ் போதும். நான்கைந்து பேர் உள்ள சாதாரணக் குடும்பத்துக்கு 40 எம்பிபிஎஸ் தாராளம். உள்ளறையில் மெதுவாக இருக்கிறது என்பதற்காக 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினாலும் உள்ளறை அப்படியேதான் இருக்கும்.

பெட்டியை எங்கே வைப்பது?

வாசலோரத்தில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் அலை தடைபடும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். பெரும்பாலான பெட்டிகள் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் லைன் வீடுகளில் அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் அலையும் கலந்து நெரிசலாகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவரைத் தாண்டினால் வலுவிழக்கும். எனவே பெட்டி இருக்கும் அறையில் 5, தள்ளியுள்ள அறையில் 2.4 என்று இணைத்துக்கொள்ளுங்கள். டிவிக்கு முடிந்தால் கேபிளே போட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு வைஃபை இலகுவாகும்.

பூட்டாத கதவு

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய காவல்துறை, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்குப் போய் நின்றது. அவர் அதை அனுப்பவில்லை. பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். இருந்தும் அவர் விசாரணைக்கு ஆளானார். 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்குமாறு அறிவுறுத்தியது.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரிடம்தான் வரும். ஆகவே இந்த வாரமே இவற்றைச் செய்து முடியுங்கள்:

1. பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். போன் நம்பர், பிள்ளையின் பெயர் வேண்டாம். 12 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

2. பெட்டியின் அமைப்புகளைத் திறக்கும் ‘அட்மின்’ பாஸ்வேர்டு வேறு. அதையும் மாற்றுங்கள். தெரியாவிட்டால் லைன் போட வருபவரிடம் கேட்டு, உங்கள் கையாலேயே மாற்றுங்கள்.

3. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும்.

4. விருந்தினருக்கு ‘கெஸ்ட்’ என்ற தனி வைஃபை பெயரும் தனி பாஸ்வேர்டும் வைக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் படிக்க வைஃபை கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாருக்கு உதவுவது நம் கடமை. நன்கு தெரிந்தவருக்குக் கெஸ்ட் வழியே கொடுங்கள். ஆனால் அந்தப் பயன்பாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நாமே என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் வீடு காலி செய்து போனதும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

இணையம் வழியாக யாரேனும் பணத்தை ஏமாற்றி எடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

இதைப் படித்த பிள்ளைகள் தம் வீட்டுப் பெட்டியைச் சரிசெய்த பின், எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களின் வீடுகளுக்கும் போய்ச் செய்து கொடுங்கள். அல்லாஹ் நம் வீடுகளையும் கண்ணியத்தையும் பாதுகாப்பானாக.