லேசர் மெஷின் அளவு தப்பாமல் வெட்டுகிறதா? நீங்களே காலிபரேட் செய்யலாம்!

பிரின்டரில் அலைன்மென்ட் தவறினால் ஒரு பேப்பர் வீணாகும். லேசர் கட்டிங் மெஷினில் அளவு தவறினால் பிளைவுட் ஷீட் வீண், அக்ரிலிக் வீண், ஆர்டர் கொடுத்தவரிடம் நமக்குள்ள பெயரும் வீண். கீ செயின், பெயர்ப் பலகை, பரிசுப் பெட்டி என்று வீட்டிலிருந்தே செய்து சம்பாதிக்க நினைத்து மெஷின் வாங்குபவர்கள் பலர். முதல் மாதம் நன்றாக வெட்டும். பிறகு பெட்டியின் பல்லும் பள்ளமும் பொருந்தாது. வட்டம் முட்டை வடிவில் வரும். ஒரே ஓட்டத்தில் வெட்டிய பலகை இரண்டு ஓட்டத்திலும் வெட்டாது. உடனே பவரைக் கூட்டுவார்கள். அது காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மாத்திரையை இரட்டிப்பாக்குவது போன்றது.

எங்கள் சாப்ட்வேர் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதும் டெஸ்ட் செய். ரிசல்ட்டை எழுதி வை. லேசர் மெஷினுக்கும் இதே விதிதான். என்ன வரிசையில் சோதிப்பது என்று பார்ப்போம்.

இரண்டு வகை மெஷின்கள்

வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று டயோடு லேசர். சுமார் 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளி. லேசர் மாட்யூல் தலையிலேயே இருப்பதால் இதில் கண்ணாடிகள் இல்லை. மற்றொன்று கார்பன் டை ஆக்சைடு லேசர். அலைநீளம் சுமார் 10,600 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக் குழாயில் உருவாகும் கதிர் மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, லென்ஸ் வழியாகக் கீழே இறங்கும். இந்த வகையை 1964ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்த குமார் படேல்.

முதலில் பாதுகாப்பு

1. உங்கள் மெஷினின் அலைநீளத்துக்கு என்றே தயாரித்த கண்ணாடி அணியுங்கள். நீல லேசருக்கான கண்ணாடியை மற்றதற்கு நம்பிப் போட வேண்டாம். நிறமற்ற அக்ரிலிக் மூடி கார்பன் டை ஆக்சைடு லேசரைத் தடுக்கும். நீல லேசரை அப்படியே உள்ளே விட்டுவிடும்.

2. கார்பன் டை ஆக்சைடு குழாய்க்குச் செல்வது பல ஆயிரம் வோல்ட் மின்சாரம். உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையிலும் அதன் ஒயரிலும் கை வைக்க வேண்டாம்.

3. மெஷின் ஓடும்போது அறையை விட்டுப் போகாதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

4. பி.வி.சி., ரெக்சின் போன்றவற்றை வெட்டக் கூடாது. குளோரின் கலந்த நச்சு வாயு வரும். அது உங்கள் நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் இரும்புப் பாகங்களையும் அரிக்கும்.

படி 1: துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்

வெட்டும் சக்தி குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லென்ஸில் படிந்த புகை. லென்ஸ் துடைக்கும் பேப்பரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் துடைத்துக் காய விடுங்கள். சட்டைத் துணி வேண்டாம்; கீறல் விழும். கார்பன் டை ஆக்சைடு மெஷினின் லென்ஸ் பெரும்பாலும் ஜிங்க் செலினைடால் ஆனது. உடைந்தால் அதன் தூள் நச்சு. வெறும் கையால் தொடாதீர்கள்.

படி 2: கண்ணாடிகளை நேராக்குதல்

டயோடு மெஷின் வைத்திருப்பவர்கள் நேரே மூன்றாம் படிக்குப் போகலாம்.

இரண்டாவது கண்ணாடியின் பிரேம் மீது மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கண்ணாடிப் பரப்பில் ஒட்டக் கூடாது. அந்தக் கண்ணாடியை முதல் கண்ணாடிக்கு மிக அருகே கொண்டு வந்து, மூடியை மூடி, குறைந்த பவரில் டெஸ்ட் பட்டனை ஒரு கணம் தட்டுங்கள். டேப்பில் ஒரு புள்ளி விழும். இப்போது அதைக் கோடி வரை தள்ளி மீண்டும் ஒரு தட்டு. இரண்டு புள்ளிகளும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் கதிர் நேராகச் செல்கிறது.

தனித்தனியே விழுந்தால் முதல் கண்ணாடியின் பின்னால் உள்ள ஸ்க்ரூக்களைச் சிறிது சிறிதாகத் திருப்பி, தூரப் புள்ளியை அருகுப் புள்ளியின் மேல் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் பவரை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பலரும் புள்ளியை நடுமையத்துக்குக் கொண்டு வரப் போராடுவார்கள். இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுவதுதான் முக்கியம். அந்த இடம் மையத்திலிருந்து மிகவும் விலகியிருந்தால் குழாயையோ கண்ணாடியின் ஸ்டாண்டையோ நகர்த்த வேண்டும். ஸ்க்ரூ திருப்பி அது சரியாகாது.

அடுத்து, தலையில் உள்ள மூன்றாவது கண்ணாடியின் நுழைவுத் துளையில் டேப் ஒட்டி, தலையை இடது, வலது கோடிகளில் நிறுத்தி இதையே செய்யுங்கள். இம்முறை திருப்ப வேண்டியது இரண்டாவது கண்ணாடியின் ஸ்க்ரூ. பிறகு நான்கு மூலைகளிலும் சோதியுங்கள். ஒரு மூலையில் மட்டும் வெட்டவில்லை என்ற புகார் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 3: போகஸ்

150 மி.மீ. நீளமுள்ள எம்.டி.எப். பலகையின் ஒரு முனையை 15 மி.மீ. உயர்த்திச் சரிவாக வையுங்கள். சரிவின் நடுப்பகுதி, தயாரிப்பாளர் சொன்ன போகஸ் தூரத்தில் இருக்கட்டும். லேசரை அணைத்துவிட்டுத் தலையை ஒருமுறை முழு நீளமும் நகர்த்தி, எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். பிறகு குறைந்த பவரில் சரிவின் போக்கிலேயே ஒரு கோடு வரையுங்கள். கோடு ஓரிடத்தில் மெலிந்து, இரு பக்கமும் தடித்து இருக்கும். மெலிந்த இடத்துக்கு மேல் தலையை நிறுத்தி, நாசிலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுவே சரியான போகஸ் தூரம். அதே உயரத்தில் ஒரு அக்ரிலிக் துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வேலைக்கும் அளவுகோல் தேட வேண்டாம்.

படி 4: பெல்ட்டும் சதுரமும்

கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் முன் மெஷினைப் பாருங்கள். பெல்ட் தொய்ந்திருக்கிறதா? மோட்டார் புல்லியின் சின்ன ஸ்க்ரூ லூஸாக இருக்கிறதா? ஆலன் கீயால் இறுக்குங்கள்.

அடுத்து 200 மி.மீ. நீளம், 150 மி.மீ. அகலத்தில் ஒரு செவ்வகம் வரையச் செய்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் 250 மி.மீ. இருக்க வேண்டும். பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான்! ஒன்று 251, மற்றொன்று 249 என்றால், 150 மி.மீ. பக்கம் ஏறத்தாழ 1.25 மி.மீ. சாய்ந்திருக்கிறது. பவரை அணைத்து, குறுக்குச் சட்டத்தை முன் சட்டத்தோடு இரு பக்கமும் சேர்ந்து தொடும்படி தள்ளி, போல்ட்டுகளை மீண்டும் இறுக்குங்கள்.

படி 5: ஸ்டெப் கணக்கு

பல டயோடு மெஷின்களில் இருப்பது ஜி.ஆர்.பி.எல். என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். லேசர் ஜி.ஆர்.பி.எல்., லைட்பர்ன் போன்ற புரோகிராம்களின் கமாண்ட் பகுதியில் $$ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எல்லா செட்டிங்குகளும் பட்டியலாக வரும். முதல் வேலையாக அதைக் காப்பி செய்து நோட்பேடில் சேவ் செய்யுங்கள். இதுதான் உங்கள் பேக்கப்.

$100 என்பது எக்ஸ் அச்சில் ஒரு மி.மீ. நகர எத்தனை ஸ்டெப் என்ற எண். $101 ஒய் அச்சுக்கு. இந்த எண் எப்படி வருகிறது? 1.8 டிகிரி மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். 16 மைக்ரோ ஸ்டெப் என்றால் 3200. பெல்ட்டின் பல் இடைவெளி 2 மி.மீ., புல்லியில் 20 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும். 3200ஐ 40ஆல் வகுத்தால் 80.

இப்போது 50 மி.மீ., 200 மி.மீ. இடைவெளிகளில் மெல்லிய கோடுகள் வரைந்து வெர்னியர் காலிப்பரில் அளங்கள். 200 மி.மீ.க்குக் காலிப்பர் எட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் இடது விளிம்பு வரை அளந்தால் கோட்டின் தடிமன் கணக்கில் வராது. இரண்டிலும் ஒரே அளவு, உதாரணமாக 0.3 மி.மீ. குறைந்தால், ஸ்டெப் எண்ணில் தவறில்லை. பெல்ட்டிலோ புல்லியிலோ ஆட்டம் இருக்கிறது. படி நான்குக்குத் திரும்புங்கள். 50க்கு 0.4, 200க்கு 1.5 என்று நீளத்துக்கு ஏற்பத் தவறும் வளர்ந்தால்தான் ஸ்டெப் எண்ணைத் திருத்த வேண்டும்.

சூத்திரம்: புதிய எண் = பழைய எண் × கேட்ட நீளம் ÷ கிடைத்த நீளம்.

80 × 200 ÷ 198.5 = 80.605. எனவே $100=80.605 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். மெஷின் நின்றிருக்கும்போதுதான் இதை ஏற்கும். பவரை அணைத்தாலும் அழியாது. மறுபடி வரைந்து அளந்து உறுதி செய்யுங்கள்.

கூடவே இரண்டு செட்டிங்குகள். $32=1 என்று இருந்தால்தான் லேசர் மோடு. அதில் எம்4 கமாண்ட் கொடுத்தால் வேகம் குறையும் மூலைகளில் பவரும் தானாகக் குறையும், மூலை கருகாது. $30ல் உள்ள எண்ணும் உங்கள் புரோகிராமில் உள்ள அதிகபட்ச எஸ் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் நீங்கள் கேட்கும் 50 சதவீதம் 50ஆக இருக்காது.

படி 6: வெட்டின் அகலம்

லேசர் வெட்டும்போது கொஞ்சம் மரத்தை ஆவியாக்கிவிடும். அந்த அகலத்தைக் கெர்ஃப் என்பார்கள். பெட்டியின் பல் லூஸாக வருவதற்கு இதுவே காரணம். 100 மி.மீ. நீளத்தில், 10 மி.மீ. அகலத் துண்டுகள் பத்தை ஒட்டினாற்போல் வெட்டுங்கள். இதற்கு 11 வெட்டுகள். துண்டுகளை அதே ஓட்டையில் ஒரு பக்கமாகத் தள்ளி, மீதி இடைவெளியை அளங்கள். 2.2 மி.மீ. இருந்தால் 11ஆல் வகுக்க, கெர்ஃப் 0.2 மி.மீ. இதில் பாதியான 0.1ஐ, வெட்டி எடுக்கும் துண்டுக்கு வெளிப்புறமாகக் கெர்ஃப் ஆப்செட்டில் கொடுங்கள். 3 மி.மீ. பிளைவுட் என்று விற்பது சரியாக 3 இருக்கும் என்று நம்பாமல், ஷீட்டையும் அளந்துவிட்டே டிசைன் செய்யுங்கள். கெர்ஃப் பொருளுக்குப் பொருள் மாறும். ஒவ்வொன்றுக்கும் தனியே குறித்து வையுங்கள்.

எப்போது எதைப் பார்ப்பது?

தினமும்: லென்ஸ், போகஸ், கார்பன் டை ஆக்சைடு மெஷினில் தண்ணீர் ஓட்டம். குழாயைக் குளிர்விக்க டிஸ்டில்டு வாட்டரே நல்லது. தண்ணீர் சூடானால் பவர் குறையும், குழாயின் ஆயுளும் குறையும்.

வாரம் ஒருமுறை: தண்டவாளத் தூசி, பெல்ட் இறுக்கம், புகைக் குழாய்.

மாதம் ஒருமுறை: மூலைவிட்டம், 200 மி.மீ. கோடு, நான்கு மூலைகளில் புள்ளி.

மெஷினை இடம் மாற்றினால்: எல்லாப் படிகளும் முதலிலிருந்து.

இந்த அளவுகளைத் தேதியோடு ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதி வாருங்கள். துடைத்து, போகஸ் பார்த்து, கண்ணாடி நேராக்கிய பிறகும் அதே பவரில் வெட்டவில்லை என்றால் குழாய்க்கு வயதாகியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். வரிசையாகச் சோதிக்காமல் புதுக் குழாய் வாங்கினால், பணம் போன பிறகும் பழைய கோளாறு அங்கேயே இருக்கும். அடுத்த ஆர்டரை எடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.