கடல் மட்டத்திலிருந்து மலையுச்சிக்கு: குடும்பத்துடன் சிவனொளிபாதமலை ஏறுதல்
(புவியியல், விஞ்ஞானம், சுகாதாரம் ஆகிய பாடங்களை இணைக்கும் கட்டுரை)



வங்காலைக் கடற்கரையில் நிற்கும் ஒருவர் ஏறத்தாழக் கடல் மட்டத்திலேயே நிற்கிறார். சுற்றிலும் மணல், பனை, உவர் நிலம், களப்பு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து ஒரு குடும்பம் 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்குச் செல்லும்போது காற்று, வெப்பநிலை, அமுக்கம், உடல் உழைப்பு யாவும் மாறுகின்றன. இம்மாற்றங்களை முன்கூட்டியே கணித்து ஆயத்தமாவது எவ்வாறு என்பதே இப்பாடம். பரீட்சைக்கு உதவும் இதே கணிப்பு, வழியில் ஒருவரின் உயிரையும் காக்கலாம்.

1. மலையும் பருவமும்

சிவனொளிபாதமலை மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில் அமைந்துள்ளது. களனி கங்கை, களு கங்கை ஆகியன இம்மலைப் பிரதேசத்திலேயே ஊற்றெடுக்கின்றன. இந்துக்கள், பௌத்தர்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய நால்வகை மக்களும் உச்சியிலுள்ள பாதச்சுவட்டைத் தத்தம் மரபுப்படி போற்றுகின்றனர். இங்குள்ள வனப் பிரதேசம் 2010 ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும்.

யாத்திரைப் பருவம் மார்கழி மாதத்துப் பௌர்ணமி தொடக்கம் வெசாக் பௌர்ணமி வரையாகும். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையில் நேராக மோதிப் பெருமழை பொழிகிறது. பருவம் தவறிச் செல்வோருக்கு வழிவிளக்கும் இல்லை, தேநீர்க் கடையும் இல்லை. உதவிக்கு ஆளும் குறைவு.

2. வரலாற்றில் ஒரு பல நாள் மலையேற்றம்

1344 ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். முத்துக்குளிப்பு நடைபெற்ற அக்கரையில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, மலையேற உதவி கேட்டார். மன்னன் பல்லக்குத் தூக்குவோரைக் கொடுத்ததுடன், வழியறிந்த யோகிகள் 4 பேரையும், பிராமணர் 3 பேரையும், தன் பரிவாரத்தில் 10 பேரையும், உணவுப் பொருள் சுமக்க 15 பேரையும் அனுப்பினான். காட்டு வழியில் அட்டைக் கடிக்கு எலுமிச்சம் புளி பிழிந்ததையும், செங்குத்தான பாறையில் சங்கிலியைப் பற்றி ஏறியதையும் அவர் குறித்துள்ளார்.

பல்லக்குத் தூக்குவோரை நீக்கினால், உடன் சென்ற 32 பேரில் 15 பேர் உணவு சுமந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். நீண்ட மலைப் பயணத்தில் வழிகாட்டியும் உணவும் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த எண்ணிக்கையே காட்டுகிறது.

3. வெப்பநிலை

1000 மீற்றர் உயரத்திற்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும்.

உதாரணம்: வங்காலையில் வெப்பநிலை 28 பாகை எனின், உச்சியில் எவ்வளவு?
குறைவு = 2.243 × 6.5 = 14.6 பாகை (அண்ணளவாக)
உச்சியில் = 28 − 14.6 = 13.4 பாகை

இது சராசரிக் கணிப்பு மட்டுமே. தை மாதத்து விடியற்காலையில் வெப்பநிலை இதைவிடவும் குறையும். வீசும் காற்று உடலிலிருந்து வெப்பத்தை விரைவாக அகற்றும். ஏறும்போது வியர்வையில் நனைந்த உடை, உச்சியில் அசையாது அமர்ந்திருக்கும்போது ஆவியாகி உடலை மேலும் குளிரச் செய்யும். உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழ் இறங்குவது ஆபத்தாகும். விடாத நடுக்கம், தடுமாறும் பேச்சு, தூக்க மயக்கம் என்பன அதன் அறிகுறிகள். சிறுவரும் முதியோரும் இதற்கு விரைவில் ஆளாவர். ஆகவே உச்சியை அடைந்ததும் முதற் செய்கை படம் பிடிப்பதன்று. ஈர உடையை மாற்றுவதாகும்.

4. வளிமண்டல அமுக்கம்

கடல் மட்டத்தில் அமுக்கம் சுமார் 1013 மில்லிபார். சிவனொளிபாதமலை உச்சியில் அது சுமார் 770 மில்லிபார், அதாவது முக்காற் பங்களவு. வளியில் ஒட்சிசனின் வீதம் 21 ஆகவே இருக்கும். ஆனால் வளி ஐதாவதால் ஒரு மூச்சில் உட்செல்லும் ஒட்சிசனின் அளவு குறையும். எனவே சுவாசமும் இதயத் துடிப்பும் விரைவாகின்றன. நீரின் கொதிநிலையும் தாழ்ந்து, உச்சியில் 92 பாகைக்கும் 93 பாகைக்கும் இடைப்பட்டதாக இருக்கும். அங்கே பருப்பு வேகக் கூடுதல் நேரம் எடுப்பது இதனாலேயே.

5. வேலையும் சக்தியும்

நல்லதண்ணியிலிருந்து உச்சிக்குப் பாதை சுமார் 7 கிலோமீற்றர். ஏறவேண்டிய உயரம் சுமார் 1000 மீற்றர்.

50 கிலோகிராம் திணிவுடைய மாணவி 5 கிலோகிராம் பையுடன் ஏறுகிறாள் எனக் கொள்வோம் (ஈர்ப்பு ஆர்முடுகல் 10).
வேலை = 55 × 10 × 1000 = 550,000 யூல்

தசைகள் பெறும் சக்தியில் ஏறத்தாழ காற்பங்கே பொறிமுறை வேலையாக மாறும், எஞ்சியது வெப்பமாகும். எனவே உடல் செலவிடுவது சுமார் 2,200,000 யூல். பையில் மேலதிகமாக 5 கிலோகிராம் சேர்த்தால் இன்னும் 200,000 யூல் தேவை. சுமையைக் குறைப்பதன் பயன் இப்போது விளங்கும்.

6. குடும்பத்திற்கான திட்டம்

தந்தை, தாய், நீங்கள், 9 வயதுத் தம்பி, 64 வயது அம்மம்மா என ஐவர் செல்வதாகக் கொள்வோம்.

முதல் நாள்: மன்னார், மதவாச்சி, கண்டி, ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து இரவு தங்குதல். ஒரே நாளில் பயணமும் ஏற்றமும் வேண்டாம்.

இரண்டாம் நாள்: ஏறி இறங்கி, மீண்டும் அங்கேயே தங்குதல்.

மூன்றாம் நாள்: ஊர் திரும்புதல். இறங்கும்போது முழங்காலுக்கும் தொடைத் தசைக்கும் சுமை கூடுவதால் ஓய்வு அவசியம்.

நேரக் கணிப்பு: 1892 இல் நெயிசுமித் என்ற ஸ்கொத்லாந்து மலையேறி தந்த விதிப்படி, 5 கிலோமீற்றருக்கு 1 மணி, அத்துடன் 600 மீற்றர் ஏற்றத்திற்கு மேலும் 1 மணி.
7 ÷ 5 = 1.4; 1000 ÷ 600 = 1.7; மொத்தம் 3.1 மணி.

இது திடகாத்திரமானவருக்குரியது. முதியோரும் சிறுவரும் செல்லும்போது இரு மடங்காகக் கொள்ளுங்கள். சூரியோதயத்தைக் காண நள்ளிரவிலேயே புறப்பட வேண்டும்.

கவனத்திற்கு:
• குழுவின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. அவர் முன்னே செல்லட்டும்.
• இதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர் முன்கூட்டியே வைத்தியரின் ஆலோசனை பெறவேண்டும். மருந்து கையில் இருக்கவேண்டும்.
• ஒருவருக்கு நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டால் உடன் நிறுத்தி உதவி பெறுங்கள். அவரைத் தனியே விட்டு ஏனையோர் உச்சிக்குச் செல்லலாகாது.
• பொலித்தீனையும் வெற்றுப் போத்தல்களையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

7. இன்னும் உயர்ந்த மலைகளில்

உயர்மலை நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேலேயே தோன்றும். தலைவலி, ஓங்காளம், தலைச்சுற்று என்பன அறிகுறிகள். 5895 மீற்றர் உயரமான கிளிமஞ்சாரோவின் உச்சியில் அமுக்கம் கடல் மட்டத்தின் ஏறத்தாழ அரைவாசியே. அத்தகைய மலைகளைப் பல நாட்களாகச் சிறிது சிறிதாக ஏறுவதன் காரணம் உடலைப் பழக்கப்படுத்துவதேயாகும். 3000 மீற்றருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டலாகாது. நோய் முற்றினால் கீழே இறங்குவதே முதற் பரிகாரம். எவரெஸ்ற் சிகரத்தை 2016 இல் அடைந்த முதல் இலங்கையரான ஜயந்தி குரு உதும்பாலவும் இவ்வாறு பழகியே ஏற நேர்ந்தது.

பயிற்சி வினாக்கள்

1. வங்காலையில் 28 பாகை எனின், 2524 மீற்றர் உயரமான பீதுருதலாகலையில் வெப்பநிலை யாது? (விடை: சுமார் 11.6 பாகை)
2. உயரத்துடன் ஒட்சிசனின் வீதம் மாறாதபோதும் மூச்சு வாங்குவது ஏன்?
3. 40 கிலோகிராம் திணிவுடைய சிறுவன் 1000 மீற்றர் ஏறச் செய்யும் வேலையைக் காண்க. (விடை: 400,000 யூல்)
4. உச்சிக்கு அரை மணி நேரத் தூரத்தில் அம்மம்மா நடுங்கத் தொடங்குகிறார், பேச்சும் தடுமாறுகிறது. சூரியோதயத்திற்கு முக்கால் மணி உள்ளது. நீங்கள் எடுக்கும் தீர்மானத்தையும் அதற்கான மூன்று காரணங்களையும் எழுதுக.

நான்காம் வினாவுக்கு விடை எழுதுமுன் பிரிவு 3 ஐ மீண்டும் வாசியுங்கள். சூரியன் நாளையும் உதிக்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.