மாரிகாலக் காய்ச்சல்: அறிவோம், தடுப்போம், பராமரிப்போம்

காலபோக வயலில் வேலை கூடிய நாட்களிலேதான் எமது வீடுகளுக்குக் காய்ச்சலும் வருகிறது. "மழைக் காய்ச்சல்தானே, இரண்டு பனடோல் போட்டால் சரி" என்று வயலுக்கு இறங்கிவிடுகிறோம். வீட்டில் நின்றால் ஒரு நாட்கூலி போய்விடும் என்பது உண்மையே. ஆனால் எந்தக் காய்ச்சலுக்கு வீட்டில் இருந்து ஓய்வெடுக்கலாம், எந்தக் காய்ச்சலுக்கு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என அறியாவிட்டால், இழப்பது நாட்கூலியாக மட்டும் இராது.

சளிக்காய்ச்சல் என்றால் என்ன?

இன்புளுவென்சா எனப்படும் சளிக்காய்ச்சல் ஒரு வைரசினால் வருகிறது. மழையில் நனைவதால் அது உண்டாவதில்லை. மழைக்கு ஒதுங்கி எல்லோரும் ஒரே கூரையின்கீழ் நெருங்கி இருக்கும்போது எளிதாகப் பரவுகிறது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளாலும், கைகளாலும் அது மற்றவரை அடைகிறது. இலங்கையில் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரையும், ஏப்ரல் முதல் ஜூன் வரையும் இந்நோய் கூடுகிறது.

இதனை அற்பமாக எண்ணலாகாது. 1918-19இல் உலகெங்கும் பரவிய இந்நோயினால் இலங்கை ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்களை இழந்தது என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். 2009இல் எச்1என்1 என்ற புதிய வகை உலகைச் சுற்றியது. அவ்வாண்டிலேயே செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எம்மவர் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் நெருக்கமாக அடைபட்டிருந்தனர். அங்கே கொப்புளிப்பானும் மஞ்சட்காமாலையும் பரவிய விதத்தைக் கண்டவர்களுக்கு, நெருக்கம் நோய்க்கு எவ்வளவு துணை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எப்படி அறிவது?

தடிமன் மெல்ல மெல்ல வரும். சளிக்காய்ச்சலோ திடீரெனத் தாக்கும். கடும் காய்ச்சல், குளிர், தலையிடி, உடல் உளைவு, வறட்டு இருமல், தொண்டை நோ, மிகுந்த சோர்வு என்பன காணப்படும். பெரும்பாலானோர் ஒரு வாரத்தில் தேறுவர். இருமல் மட்டும் மேலும் சில நாள் நீடிக்கலாம்.

இதுபோலவே தொடங்கும் வேறு இரு காய்ச்சல்களை நாம் மறக்கக்கூடாது.

டெங்கு: கண்ணின் பின்புறம் நோகும், உடலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். காய்ச்சல் குறையும் வேளையே ஆபத்தான வேளை. அப்போது வயிற்றுநோ, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், கைகால் குளிர்தல் என்பன கண்டால் தாமதிக்க வேண்டாம்.

எலிக்காய்ச்சல்: கெண்டைக்கால் தசை கடுமையாக நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும். 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின், யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்ட சிலர் சில நாட்களுக்குள் இறந்தனர். முதலில் அது இனந்தெரியாத காய்ச்சல் எனப் பேசப்பட்டது. பரிசோதனையின் பின்னரே எலிக்காய்ச்சல் எனத் தெளிவாயிற்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் வெள்ளத்திலும் நிற்போரை, காலிலுள்ள புண்வழியாக இது பற்றும். எனவே வைத்தியரிடம் போகும்போது, "வயலில் நின்றேன்" என்று கேளாமலே சொல்லுங்கள். வயலில் இறங்குமுன் எடுக்கவேண்டிய தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வீட்டில் பராமரிப்பு

1. நோயாளி ஓய்வெடுக்க வேண்டும். கஞ்சி, இளநீர், மல்லித் தண்ணீர், ஜீவனி ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.
2. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும். வளர்ந்தவர் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டுக்கு மேலும், ஒரு நாளில் எட்டுக்கு மேலும் எடுக்கக்கூடாது. இரு தடவைகளுக்கு இடையே 6 மணித்தியாலம் செல்லவேண்டும். பிள்ளைகளுக்கு நிறைக்கேற்ற அளவை வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.
3. டிஸ்பிரின், புரூபன், வொல்ரரின் போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் இவை இரத்தப்பெருக்கை உண்டாக்கும்.
4. அன்ரிபயோற்றிக் மாத்திரை வைரசைக் கொல்லாது. கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம்.

எப்போது வைத்தியசாலைக்கு?

காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் இரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், ஆஸ்மா, நீரிழிவு, இருதய நோய் உள்ளோர் முதல் நாளே செல்ல வேண்டும். சளிக்காய்ச்சலுக்கான வைரசு மருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினாலே நன்கு பயன் தரும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, வலிப்பு, மயக்கம், ஒன்றும் குடிக்க இயலாமை, குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியன ஆபத்துக் குறிகள். பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் இரவென்றும் பாராது புறப்படுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தடுப்பு முறைகள்

சவர்க்காரமிட்டுக் கை கழுவுவோம். முழங்கை மடிப்பில் இருமுவோம். நோயாளிக்குத் தனிக் குவளை, தனிப் பாய் வைப்போம். தறப்பாள் கொட்டிலானாலும் ஒரு பக்கத்தைத் திறந்து காற்றோட்டம் விடுவோம். அடுப்புப் புகை படுக்குமிடத்துக்கு வராமற் பார்ப்போம். காய்ச்சலுள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதிருப்போம். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியும் உண்டு. ஆபத்து அதிகமுள்ளோர் அதுபற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது ஓய்வு. கூலிக்குப் போகும் தகப்பனிடம் "ஓய்வெடு" என்று சொல்வது எளிது; அன்றைய அடுப்பு எரியவேண்டுமே! ஆகவே ஓய்வு என்பது அயலவர் சேர்ந்து கொடுக்க வேண்டிய மருந்து. இடம்பெயர்ந்த காலங்களில் ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்த எமக்கு, நோயாளியின் வயலில் அரைநாள் நிற்பது பெரிய காரியமல்ல.

கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் ஒருவர் ஒரு வாரம் படுத்தால், அவருடைய வயலையும் மாடுகளையும் யார் பார்ப்பது?
2. இரவில் நோயாளியைக் கொண்டுசெல்ல எவரிடம் வாகனம் உண்டு?
3. தனியே வாழும் முதியோரை நாள்தோறும் சென்று பார்க்கும் பொறுப்பை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எவ்வாறு பகிரலாம்?