டேப்பில் பதியப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதல் ஆல்பத்தை ரீல் டேப்பில்தான் பதிவேன் என்று எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால், டிஜிட்டல் பதிவு ஒலியைத் துண்டாக்கி இடையில் உள்ளதைத் தொலைத்துவிடுகிறது என்று காரணம் சொல்லாதே. நொடிக்கு 44,100 முறை அளந்தால், 20,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிய அலை அந்தப் புள்ளிகள் வழியே ஒரே விதமாகத்தான் போக முடியும். கணினித் திரையில் தெரியும் படிக்கட்டு ஸ்பீக்கருக்கு வருவதே இல்லை. இரைச்சலும் டேப்பில்தான் அதிகம்.

மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையை நீ அறிந்திருக்க வேண்டும். மூல டேப்பிலிருந்து நேராக வெட்டப்பட்டவை என்று நம்பி, அதன் எல்பி தட்டுகளை ரசிகர்கள் பெரும் விலைக்கு வாங்கினார்கள். அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல்தான் வெளியே தெரிந்தது. இது 2011 முதலே நடந்திருக்கிறது. அந்த நிறுவனம் அதைச் சொல்லாமல் விட்டது பெரிய தவறு. ஆனால் அத்தனை ஆண்டுகளில், கூர்மையான காது படைத்தவர்கள்கூட அந்தத் தட்டுகளைத் தூய அனலாக் என்று புகழ்ந்தார்கள். அவர்கள் அடைந்த இன்பம் பொய்யில்லை. தட்டுகள் நன்றாகவே ஒலித்தன. நல்ல மூல டேப்பும், மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பைப் பொறுமையாகச் செய்ததும் தந்த பலன் அது.

பழைய எல்பி புதிய சிடியைவிட இதமாக இருப்பதற்கும் பெரும்பாலும் மாஸ்டரிங்தான் காரணம். மெட்டாலிக்கா இசைக்குழுவின் ‘டெத் மேக்னட்டிக்’ ஆல்பம் 2008இல் வந்தபோது, சிடியில் ஒலி நசுங்கிக் கிடந்தது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் மூச்சுவிட்டன. இரண்டுமே டிஜிட்டல்தான்!

டேப்பை அதன் குணத்துக்காகப் பயன்படுத்து. சத்தம் கூடும்போது காந்தப்பூச்சு நிறைந்து, டிரம்ஸின் கூர்முனைகள் மழுங்கும். மூலத்தில் இல்லாத ஹார்மோனிக்குகள் சேரும். எனக்கும் அது பிடிக்கும். அது டேப் சேர்க்கும் நிறம். பாடகருக்கு முன்னால் மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் இதைவிடப் பெரிய மாற்றம் வரும்; அறைக்கும் மைக்குக்கும் முதலில் செலவழி.

ஒரே வாசிப்பை டேப், டிஜிட்டல் இரண்டிலும் பதிந்துகொள். ஒலி அளவைக் காதால் அல்ல, மீட்டரால் சமப்படுத்து. அரை டெசிபெல் கூடினாலே அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேள். பிறகு இரண்டையும் எனக்கு அனுப்பு. எது எந்தப் பதிவு என்று எழுதாதே.

அன்புடன்,
அண்ணன்