ஓஷதிகளும் வசந்தமும்

தட்சசீலத்தில் மருத்துவம் பயின்ற ஜீவகரைப் பற்றிப் பௌத்த நூல்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. ஏழு ஆண்டுகள் கற்ற பின்னர் ஆசிரியர் அவரிடம், நகரைச் சுற்றி ஒரு யோஜனை தூரம் நடந்து, மருந்தாகப் பயன்படாத செடி ஏதேனும் இருந்தால் கொண்டு வரும்படி பணித்தார். ஜீவகர் எங்கும் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அவருடைய கல்வி நிறைவு பெற்றதாக ஆசிரியர் அறிவித்தார். பின்னாளில் பிம்பிசார மன்னருக்கும் புத்தபிரானுக்கும் மருத்துவராக விளங்கியவர் இவரே.

எல்லாச் செடிகளும் மருந்தே என்பதற்குச் சான்றாக இக்கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அவர் வெறுங்கையோடு வந்தார் என்பதும் கவனிக்கத் தக்கது. அத்தனை செடிகளின் பயனையும் அறிந்த ஒருவர் அவற்றில் ஒன்றையும் பிடுங்கவில்லை.

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், 97-ஆம் சூக்தமாக ஓஷதி சூக்தம் அமைந்துள்ளது. 23 மந்திரங்கள் கொண்ட இச்சூக்தம் மூலிகைகளைத் தாயென்றே அழைக்கிறது. அதில் ஓரிடத்தில், வேரைத் தோண்டுபவனுக்கும், யாருக்காக அது தோண்டப்படுகிறதோ அந்த நோயாளிக்கும் தீங்கு நேரக்கூடாது என்று ரிஷி வேண்டிக்கொள்கிறார். மருந்துக்காகவே ஆயினும் தோண்டுவது ஓர் உயிரைத் துன்புறுத்துவதுதான் என்ற கூச்சம் அவ்வேண்டுதலில் தெரிகிறது. அந்தக் கூச்சம் பிற்காலத்தில் எங்கோ தொலைந்துவிட்டது.

சர்ப்பகந்தா என்னும் சிறு செடியின் வரலாறு இதற்குப் போதிய சான்று. பாரதத்தின் பல பகுதிகளில் நாட்டு வைத்தியர்கள் பன்னெடுங்காலமாக இதன் வேரைப் பயன்படுத்தி வந்தனர். 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் ரத்த அழுத்தத்தை இது தணிப்பது பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றில் எழுதினார். 1952-இல் இதன் வேரிலிருந்து ரெஸர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. உலகச் சந்தை இச்செடியைத் தேடி வந்தது. மருந்து இருப்பதோ வேரில். வேரை எடுத்தால் செடி மடியும். காடுகளில் இது அருகிப்போக, 1990-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இதனைச் சேர்க்க நேர்ந்தது. இமயத்துக் கோஷ்டம் 1985-இலேயே மிகக் கடுமையான முதற்பட்டியலுக்குச் சென்றுவிட்டது. ஜடாமாஞ்சியும் கடுகுரோகிணியும் 1997-இல் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றன.

பூஜை அறையிலும் கூந்தல் தைலத்திலும் மணக்கும் ஜடாமாஞ்சி, மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளில் மெதுவாக வளர்வது. அதைச் சமவெளியில் வீட்டுத் தொட்டியில் வளர்க்க முயல்வது வீண். தேவையின்றி வாங்காதிருப்பதே அதற்குச் செய்யக்கூடிய தொண்டு. சமவெளியில் எளிதாக வளரும் மூலிகைகளைக் கடையில் வாங்குவதற்கு மாறாக வீட்டிலேயே வளர்க்கலாம். அதற்குரிய காலம் இப்போது வருகிறது.

இலையுதிரும் வசந்தம்

மேலைநாடுகளில் குளிர்காலத்திற்கு முன் இலை உதிர்கிறது. பாரதத்தின் சமவெளிகளில் அரசும் வேம்பும் வசந்தத்தையொட்டியே இலைகளை உதிர்க்கின்றன. பழைய இலை ஒருபுறம் விழ, செம்பு நிறத் தளிர் மறுபுறம் துளிர்க்கிறது. பலாசமோ இலையே இல்லாத கிளைகளில் நெருப்புப் போலப் பூக்கிறது. அப்பூக்களை நீரிலிட்டுக் காய்ச்சிப் பெறும் மஞ்சள் கலந்த செந்நிறமே வடநாட்டின் பழைய ஹோலி வண்ணம். இரசாயனப் பொடிகள் பின்னால் வந்தவை.

உதிர்ந்த இலைகளைப் பெருக்கிக் குவித்துத் தீ வைப்பது நகரங்களில் வழக்கமாகிவிட்டது. தில்லியில் 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் விதிக்க உத்தரவிட்டது. காலையில் பிராணாயாமம் செய்துவிட்டு வாசலில் இலைக்குவியலைக் கொளுத்துபவர், தாம் சுத்தம் செய்வதாகவே நினைக்கிறார். அந்தப் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் செல்வது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உண்மையில் அந்த இலைக்குவியலே மூலிகைத் தோட்டத்தின் முதல் மூலதனம். அடியில் துளையிட்ட பழைய வாளியோ மண்பானையோ போதும். ஒரு கை அளவு காய்கறித் தோலுக்கு இரண்டு கை அளவு உலர்ந்த இலை என்ற கணக்கில் மாறி மாறி இட்டு, இடையிடையே சிறிது மண் தூவ வேண்டும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது; மேலும் உலர்ந்த இலை இட வேண்டும். நெடுநாள் மக்காமல் கிடந்தால் சிறிது நீர் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், வெயில் ஏறும் காலத்தில் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுடன் கருமையான எரு கிடைக்கும். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து யக்ஞங்களில் பூத யக்ஞம் என்பது பிற உயிர்களுக்கு உணவளிப்பது. காக்கைக்கு வைக்கும் பிடி அன்னத்தை அறிந்தவர்கள், மண்ணில் வாழும் புழுக்களுக்கு இடும் உணவையும் அதில் சேர்த்து எண்ணலாம்.

துளசி

காசி, தில்லி போன்ற இடங்களில் துளசிக்குக் குளிர்காலம் சோதனைக் காலம். கார்த்திகையில் துளசி விவாகம் நடந்து சில வாரங்களுக்குள் இலைகள் கருகி உதிரத் தொடங்கும். இரவில் செடியின் மேல் சிவப்புத் துணி போர்த்தும் வழக்கம் அங்கு உண்டு. பக்தியின் வெளிப்பாடாக அதைக் காண்பவர் பலர். பனியிலிருந்து அது செடியைக் காப்பதும் உண்மை.

குளிர் நீங்கும்போது பட்ட குச்சியாகத் தோன்றும் செடியை உடனே பிடுங்கி எறிந்துவிடலாகாது. தண்டின் தோலை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பசுமையுள்ள இடத்திற்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, மேல்மண்ணைக் கிளறி எருவிட்டு வெயிலில் வைத்தால் துளிர்க்கும். அடிவரை பழுப்பாக இருந்தால், உலர்ந்த பூங்கதிரை உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்து விதைகளை எடுத்துக்கொள்ளலாம். கடுகைவிடச் சிறிய விதைகள் அவை. ஆழப் புதைத்தால் முளைக்கா. மண்ணின் மேல் தூவி, மணலை மிக மெல்லிதாகப் பரப்பி, நீரைத் தெளிக்க வேண்டும். ஓரிரு வாரங்களில் முளை காணும்.

பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இலைகள் மிகும். துவாதசியிலும் சூரிய அஸ்தமனத்திற்குப் பின்பும் துளசி பறிப்பதில்லை என்பது பல இல்லங்களின் நியமம். அதற்குக் கூறப்படும் காரணங்கள் பல. செடிக்கு ஓய்வு கிடைப்பது மட்டும் நிச்சயம்.

புதினாவுக்கு இத்தனை அக்கறை தேவையில்லை. சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து இரண்டு தண்டுகளை நீரில் வைத்தால் சில நாட்களில் வேர்விடும். அகன்ற தொட்டியில் தனியாக நட வேண்டும். அது அண்டை வீட்டை ஆக்கிரமிக்கும் குணமுடையது. ஓமவல்லியும் எலுமிச்சைப் புல்லும் அவ்வாறே எளியவை.

கசப்பின் காலம்

பனிக்காலத்தில் சேர்ந்த கபம் வசந்தத்து வெயிலில் உருகி உடலில் பரவுகிறது என்பது சரகரின் கருத்து. எளிதில் செரிக்காத உணவையும் இனிப்பையும் பகலுறக்கத்தையும் அவர் இப்பருவத்தில் விலக்குகிறார். தேசமெங்கும் இப்பருவத்தில் கசப்பு உணவில் சேர்வது வியப்பானது. வங்கத்தில் இளம் வேப்பிலையைக் கத்தரிக்காயுடன் வறுத்து உண்கிறார்கள். ஆந்திரத்தில் யுகாதிப் பச்சடியில் வேப்பம்பூ. கர்நாடகத்தில் வேம்பும் வெல்லமும். மராட்டியத்தில் குடிபாட்வா அன்று வேப்பிலை. காஷ்மீரப் பண்டிதர்கள் நவ்ரேஹ் புத்தாண்டில் விடியலில் காணும் தட்டிலும் ஒரு கசப்பு மூலிகை இருக்கும். தமிழகத்தின் சித்திரை வேப்பம்பூப் பச்சடியும் இந்த வரிசையில் சேர்வதே.

இவை எல்லாம் சிறிதளவு உண்ணப்படுபவை. இந்த அளவை மறந்ததன் விளைவைச் சீந்தில் காட்டியது. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, நோய் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கஷாயத்தை மாதக்கணக்கில் பலர் அருந்தினர். அவ்வாறு அருந்திய சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021 முதல் மருத்துவ ஏடுகளில் செய்திகள் வந்தன. சீந்திலைப் போன்றே தோன்றும் வேறு கொடியைச் சிலர் உட்கொண்டிருக்கலாம் என்ற மறுப்பும் எழுந்தது. எது சரியாயினும், அறியாத கொடியை அறியாத அளவில் உண்பது ஆபத்தானது. பிரம்மி என்ற ஒரே பெயரால் ஓரிடத்தில் நீர்ப்பிரம்மியையும் வேறிடத்தில் வல்லாரையையும் குறிக்கும் நாடு இது. வேறு நோய்களுக்கு மருந்துண்பவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையையும் தொடர்ந்து உட்கொள்ளலாகாது.

செடி வாங்கும்போது ஞெகிழிப் பை உடன் வரும். அதைக் கிழிக்காமல் கழற்றி, நாற்றங்காலுக்கே திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். வெயில் கடுமையாகும் வைகாசி வரை அரிசி கழுவிய நீர் தொட்டிகளுக்குப் போதும். அதன் பிறகு காலை, மாலை இருவேளையும் நீர் வேண்டும். பூங்கதிர்களில் இரண்டொன்றைக் கிள்ளாமல் விட்டுவைத்தால் தேனீக்கள் வரும். அடுத்த ஆண்டுக்கு விதையும் கிடைக்கும்.