விடுபட்ட இதழும் ஒரு தகவல்தான்

பள்ளி நூலகத்துக்கு வரும் மாத இதழ்களைக் கல்வியாண்டு முடிவில் அடுக்கினால், பன்னிரண்டில் பத்தோ பதினொன்றோதான் இருக்கும். ‘முழுவதும் சேரட்டும், பிறகு பைண்டிங் செய்யலாம்’ என்று ஒதுக்கி வைத்தால், அடுத்த ஆண்டு இருப்பதும் குறையும். உதிரியாகக் கிடக்கும் இதழ்தான் எளிதில் கிழியும், எளிதில் காணாமலும் போகும். ஆகவே குறையோடு கட்டலாம். ஆனால் அந்தக் குறையை மறைக்காமல் கட்ட வேண்டும். என் பள்ளியில் நாங்கள் பின்பற்றும் முறை இது.

முதலில், இதழ் உண்மையிலேயே விடுபட்டதா என்று பார்க்க வேண்டும். மாதத்தை மட்டும் பார்த்தால் போதாது. மலர் எண், இதழ் எண் இரண்டையும் பார்க்க வேண்டும். மே மாத இதழ் இல்லை. ஆனால் ஏப்ரல் இதழ் எண் 4, ஜூன் இதழ் எண் 5 என்றால், மே இதழ் வெளிவரவே இல்லை. ஜூன் இதழின் எண் 6 என்றால் நம்மிடம் ஒன்று குறைகிறது. ஒரே அட்டையில் இரண்டு மாதங்களின் பெயர் இருந்தால் அது இரட்டை இதழ். 2020 பொதுமுடக்கக் காலத்தில் சில இதழ்கள் அச்சில் வரவில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

குறைவது உறுதியானால் உடனே இதழ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நாள் செல்லச் செல்ல அங்கும் பிரதி தீர்ந்துவிடும். அருகிலுள்ள பள்ளிகளிலும் கிளை நூலகத்திலும் கேட்கலாம். அங்கு இருந்தால் ஜெராக்ஸ் எடுத்து உரிய இடத்தில் சேர்க்கலாம். ஒரு கெடு வைத்துக்கொண்டு, அதற்குள் கிடைக்காவிட்டால் கட்டக் கொடுத்துவிடுவது நல்லது.

பைண்டரிடம் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்.

1. ஸ்டேப்ளர் பின்களை அகற்றிவிட்டு நூலால் தைக்க வேண்டும். பின் துருப்பிடித்தால் தாளை அரிக்கும்.

2. விடுபட்ட இடத்தில், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் போல, சில குறுகிய தாள்பட்டைகளை வைத்துத் தைக்க வேண்டும். பின்னாளில் இதழ் கிடைத்தால், கட்டைப் பிரிக்காமல் அந்தப் பட்டைகளில் ஒட்டிவிடலாம்.

3. ஓரத்தை மிகக் குறைவாகவே வெட்ட வேண்டும். அதிகம் வெட்டினால் எழுத்தும் போய்விடும்.

தொகுதியின் முதல் பக்கத்தில் ‘இதழ் 5 கிடைக்கவில்லை’ அல்லது ‘மே இதழ் வெளிவரவில்லை’ என்று தெளிவாக எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைத் தேடலாம், இரண்டாவதைத் தேடுவது வீண். இதையே இருப்புப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். குறிப்பு இல்லாத தொகுதியைப் பார்க்கும் மாணவர், தொடர்கதையில் ஒரு பகுதி காணாமல் திகைப்பார். அல்லது தாம் தேடும் கட்டுரை வரவே இல்லை என்று முடிவு செய்துவிடுவார்.

இந்தச் சரிபார்ப்பை எட்டாம் வகுப்பு மாணவர்களே செய்யலாம். மாதங்களை மேலே எழுதி ஓர் அட்டவணை போட்டு, வந்ததற்கு இதழ் எண்ணும், வராததற்கு வெற்றுக் கட்டமும் இடுவார்கள். ஒழுங்கான வரிசையில் விடுபட்ட எண்ணைக் கண்டறியும் கணக்கு கைவேலையாக மாறுகிறது.

பெரிய நூலகங்களிலும் எல்லாத் தொகுதிகளும் முழுமையாக இருப்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேகரித்த நூல்களையும் இதழ்களையும் கொண்டே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒருவர் பத்திரப்படுத்திய இதழ், வேறோர் இடத்தின் இடைவெளியை நிரப்பக்கூடும். நம் பள்ளியில் எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதி வைத்தால்தான், பக்கத்துப் பள்ளி நம்மிடம் கேட்கவும், நாம் அவர்களிடம் கேட்கவும் முடியும்.