சிறு ஜலத்தொட்டியில் செடியும் மீனும்

பண்ணைக்குட்டை வெட்டி மீன் விட்டிருக்கும் விவசாயிகள், மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் மீன்கள் கூட்டமாய் மேலே வந்து வாய் திறந்து தவிப்பதையும், சில சமயம் பொழுது புலர்வதற்குள் செத்துக் கரையோரம் ஒதுங்குவதையும் கண்டிருப்பார்கள். எவரோ விஷம் கலந்துவிட்டதாக எண்ணிக் கிராம அதிகாரிகளிடம் புகார் கொண்டுசெல்வோரும் உண்டு. குட்டை ஜலம் கலங்கலாயிருப்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரண்டடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியில் செடியும் மீனும் சேர்த்து வளர்த்துப் பார்ப்பவருக்கு அக்காரணம் எளிதில் விளங்கும்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன சாஸ்திரி, கண்ணாடிப் பாத்திரமொன்றில் மணலும் சேறும் இட்டு, நாடாபோல் நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். செடி செழித்தது, ஆயினும் முதிர்ந்த இலைகள் அழுகி ஜலம் கெடலாயிற்று. பிறகு சில குளத்து நத்தைகளை விடவே, அவை அழுகலைத் தின்று ஜலத்தைத் தெளிவித்தன. அவற்றின் முட்டைகளோ மீனுக்கு ஆகாரமாயின. மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி வெயிலின் உதவியால் உட்கொண்டு பிராணவாயுவைத் தருகிறது. ஆனால் இது பகலில் மட்டுமே. இரவில் செடியும் பாசியும் மீனைப் போலவே பிராணவாயுவைச் செலவிடுகின்றன. ஆகவே ஜலத்தில் அவ்வாயு மிகக் குறைந்திருக்கும் வேளை விடியற்காலையாகும். முதல்நாள் வெயில் இல்லாவிடில் சேமிப்பும் குறைவு. குட்டையில் பாசி மண்டி, சாணமும் மிகுதியாய் இடப்பட்டிருந்தால் மீன் சாவதற்கு வேறு விஷம் தேவையில்லை.

தொட்டி இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் இருப்பது போதுமானது. ஜலமும் மண்ணும் சேர்ந்தால் அது சுமார் 70 கிலோ கனக்குமாதலால், ஆடாத மேஜையோ கல்மேடையோ அவசியம். பீங்கான் நகரமென்று பெயர்பெற்ற விருத்தாசலத்தில் கண்ணாடியை மட்டும் நம்பியிருக்க வேண்டுவதில்லை. மெருகிடாத சுட்ட மண்தொட்டியில் ஜலம் கசிந்து ஆவியாவதால், பானைத் தண்ணீர் குளிர்வதுபோல் அத்தொட்டியும் சித்திரை, வைகாசி வெயிலில் குளிர்ச்சியாயிருக்கும். பக்கவாட்டில் பார்க்க இயலாதென்பதே அதன் குறை. மெருகிட்ட பாத்திரமானால், ஈயம் கலந்த மெருகன்று என்று விசாரித்தறிந்த பின்னரே உபயோகிக்கலாம். சூளையில் சுட்ட பொம்மையைத் தொட்டிக்குள் வைக்கத் தடையில்லை. சுட்ட பிறகு வர்ணம் தீட்டிய பொம்மையும், சுண்ண மாவில் வார்த்த பொம்மையும் ஆகா. சூளையில் உடைந்து கழிந்த மெருகிடாத ஓடுகள் இங்கே நல்ல பொருளாகும். அதன் விவரம் பின்னால் வரும்.

அடியில் ஓரங்குல உயரத்திற்கு ஏரி வண்டலையும், அதன்மேல் இரண்டங்குலம் நன்கு அலசிய ஆற்று மணலையும் பரப்ப வேண்டும். வெள்ளைக் களிமண் பீங்கானுக்குச் சிறந்ததாயினும் செடிக்குச் சிறந்ததன்று. உரச்சத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும் சக்தி அதற்கு மிகவும் குறைவு. கலங்கினால் எளிதில் தெளிவதுமில்லை. சாணமும் யூரியாவும் சிறிதும் கூடாது. உப்புக்கரிக்கும் கிணற்று ஜலம் உதவாது. குளோரின் கலந்த குழாய் ஜலமானால் இரண்டு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து எடுக்கவேண்டும். மணல்மேல் வாழையிலைத் துண்டொன்றை வைத்து, அதன்மேல் மெதுவாய் ஊற்றினால் மண் கிளம்பாது. ஜலம் பாதியளவு நின்றதும் வாலிஸ்னேரியாவையும், குளத்தில் கிடைக்கும் ஹைட்ரில்லாவையும், கொட்டிக்கிழங்கையும் நட்டுவிடலாம். காலை வெயில் இரண்டு மணி நேரம் விழும் கிழக்கு ஜன்னல் ஏற்ற இடமாகும். அது இல்லாத வீட்டில் எல்.இ.டி. விளக்கைத் தினம் எட்டு மணி நேரம் எரித்தால் போதும்.

அவசரப்படுபவர்கள் தவறுவது இதற்குப் பின்னர்தான். அன்றைக்கே மீனை விட்டால் அதன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா அதனையே கொன்றுவிடும். புஞ்சை நிலத்தில் இட்ட அம்மோனியம் சல்பேட்டை நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுவதை விவசாயிகள் அறிவார்கள். அதே வேலை தொட்டியிலும் நடைபெறவேண்டும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. நைட்ரேட்டைச் செடி உரமாய் ஏற்கும். இந்நுண்ணுயிர்கள் பெருகச் சுமார் நான்கு வாரமாகும். மேலே சொன்ன ஓடுகளின் நுண்துளைகள் அவை தங்குவதற்கு நல்ல இடமாதலால், சுண்டைக்காயளவாய் உடைத்துக் கழுவி ஒரு மூலையில் குவிக்கலாம்.

நான்கு வாரம் கழிந்தபின் முதலில் இரண்டு மீன்களும், பத்து நாள் சென்று மேலும் நான்கும் விடலாம். ஒன்றரை அங்குல மீன் ஆறுக்குமேல் இத்தொட்டி தாங்காது. வயல் வாய்க்கால்களில் ஜலமட்டத்தையொட்டி நீந்தும், தலைமேல் வெள்ளிப்புள்ளி மின்னும் சிறுமீன் நம் நாட்டினதே. கொசுப்புழுவை விரும்பித் தின்னும். அது துள்ளுமாதலால் வலைமூடி தேவை. கட்லா, ரோகுக் குஞ்சுகள் பெரிதாய் வளர்வதால் தொட்டிக்கு ஏற்றவையல்ல. சில நிமிஷங்களில் தின்று முடிக்குமளவே தினம் ஒருமுறை தீனி இட்டு, வாரந்தோறும் கால்பங்கு ஜலத்தை மாற்ற வேண்டும். எடுத்த ஜலம் பூச்செடிக்கு நல்ல உரமாகும்.

தொட்டி அழுக்கைத் தின்னுமென்று கடைகளில் விற்கப்படும் சக்கர் மீனை வாங்காதிருப்பதே நலம். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் ஓரடிக்கு மேலும் வளர்வதால், இடம் போதாமல் பலர் இதனை ஏரியில் விட்டுவிடுகின்றனர். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இது இப்போது பெருகியிருக்கிறது. கரையில் வளைதோண்டி முட்டையிடும் வழக்கமுடையதாகையால் ஏரிக்கரைக்குக் கேடு. உடல்மீதுள்ள கடினமான செதிற்கவசம் வலையைக் கிழிப்பதால் மீனவருக்கு நஷ்டம். வெங்காயத்தாமரையும் அழகுக்காகவே இந்நாட்டிற்குக் கொணரப்பட்டதாகும். ஏரிப் பொறுப்பிலுள்ள கிராம அதிகாரிகள், வேண்டாத தொட்டி மீன்களை விற்ற கடைக்கே திருப்பிக் கொடுக்கும்படியும், வெட்டி எடுத்த நீர்ச்செடிகளை வாய்க்காலில் எறியாமல் வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடும்படியும் தொட்டி வைத்திருப்போருக்குச் சொல்லவேண்டும்.